பாதி வேலையில் காண்ட்ராக்டர் கம்பி நீட்டினால்: வீட்டுக்காரருக்குச் சட்டத்தில் என்ன வழி?

சென்னையில் வீடு புதுப்பிக்கும் வேலை எடுக்கிற சின்ன காண்ட்ராக்டர்கள் பலருடைய பணப்புழக்கம் ஒரே மாதிரிதான். கையில் எப்போதும் மூன்று நான்கு சைட் இருக்கும். வளசரவாக்கத்தில் வாங்கிய அட்வான்ஸ், பெரம்பூர் சைட்டின் சனிக்கிழமைக் கூலிக்குப் போகும். பெரம்பூர்க்காரர் பணம் தர இழுத்தடித்தால் வளசரவாக்கத்துக்கு டைல்ஸ் வராது. இந்தச் சுழற்சி ஒரு நாள் நிற்கும்போது அவர் முதலில் கைவிடுவது, அதிகம் பணம் வாங்கிக் குறைவாக வேலை முடித்திருக்கிற வீட்டைத்தான். அங்கே இனி வாங்க ஒன்றும் இல்லை, செய்வதற்கு மட்டுமே பாக்கி.

அந்த வீடு உங்களுடையதாக இருந்தால் என்ன செய்யலாம்? போலீஸ், வக்கீல், நுகர்வோர் கோர்ட் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் இத்தகைய வழக்கின் பலம் பெரும்பாலும் அவர் வேலையை நிறுத்தியதற்கு அடுத்த சில வாரங்களில் நீங்கள் சேர்த்து வைக்கிற ஆதாரத்தைப் பொறுத்தது. அதனால் கோர்ட்டுக்கு முந்தைய கட்டத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன்.

தாமதமா, கைவிட்டதா?

பொங்கல், தீபாவளி சமயத்தில் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். வடமாநிலத் தொழிலாளர்களாக இருந்தால் ஹோலிக்கோ சட் பூஜைக்கோ போனவர்கள் திரும்பப் பல வாரம் ஆகலாம். அக்டோபரில் மழை பிடித்தால் வெளிப்பூச்சு நிற்கும். இதெல்லாம் தாமதம். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அவர் ஒப்பந்தத்தை முறித்துவிட்டார் என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது.

வாக்குக் கொடுத்தவர் அதை நிறைவேற்ற அடியோடு மறுத்தாலோ, தன் செயலால் அப்படிக் காட்டிவிட்டாலோ, எதிர்த் தரப்பு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 39-வது பிரிவு. மெஷினையும் சாரக் கட்டைகளையும் எடுத்துக்கொண்டு போய்விடுவது, போன் எடுக்காமலே இருப்பது, "இன்னும் ரெண்டு லட்சம் குடுத்தாதான் வருவேன்" என்று பேசியதற்கு மேல் கேட்பது ஆகியவை அதற்கான அடையாளங்கள். இத்தனாம் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்பதே ஒப்பந்தத்தின் உயிராக இருந்து, அந்தத் தேதி தாண்டிவிட்டால் 55-வது பிரிவும் உதவும்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் தர வேண்டிய தவணையைத் தராமல் வைத்திருந்தால், "பணம் வராததால் வேலையை நிறுத்தினேன்" என்று அவர் சொல்வது நியாயமான பதில்தான். இடையில் பிளானை மாற்றியிருந்தாலும் அப்படியே. இவ்வழக்குகளில் காண்ட்ராக்டர் தரப்பு வாதம் அநேகமாக "எக்ஸ்ட்ரா வேலை" என்ற ஒன்றைச் சுற்றித்தான் இருக்கும். லாஃப்ட் கேட்டீர்களா, ஒரு பாத்ரூமை இரண்டாக்கச் சொன்னீர்களா, அதற்கு என்ன ரேட் பேசினீர்கள் என்பதை நேர்மையாக எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வக்கீலுக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

எழுத்தில் ஒப்பந்தமே போடவில்லையே என்று பலர் அங்கேயே சோர்ந்துவிடுகிறார்கள். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். அதை நிரூபிப்பதுதான் சிரமம். வாட்ஸ்ஆப்பில் வந்த கொட்டேஷன், நோட்டுத்தாளில் கிறுக்கிய சதுர அடிக் கணக்கு, வங்கிப் பரிமாற்றம் எல்லாம் சேர்ந்தால் ஒரு ஒப்பந்தம் உருவம் பெற்றுவிடும். ரொக்கமாகக் கொடுத்துவிட்டு ரசீது வாங்காதவர்கள்கூடப் பழைய மெசேஜ்களைத் தேடிப் பாருங்கள். "நேத்து குடுத்த அம்பதாயிரம் சரியா இருந்துச்சா?" என்ற கேள்விக்கு "இருந்துச்சு சார்" என்று ஒரு பதில் இருந்தால் அது நல்ல சாட்சி.

புது மேஸ்திரியை உள்ளே விடும் முன்

பாதி இடித்த சமையலறையோடு குடும்பம் நடத்துவது யாருக்கும் கஷ்டம். உடனே வேறு ஆளைப் பிடித்து முடிக்கத் தோன்றும். முடிக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் புது ஆள் ஒரு செங்கல் வைத்துவிட்டாலும், பழையவர் எது வரை செய்தார் என்பதைக் காட்டும் சாட்சி மறைந்துவிடும். ஆறு மாதம் கழித்து அவர் வந்து "எண்பது சதவீதம் முடித்துவிட்டேன், எனக்குத்தான் பாக்கி" என்பார். இல்லை என்று காட்ட உங்களிடம் பளபளப்பான புது கிச்சன் மட்டும்தான் இருக்கும்.

அதனால் முதலில் ஒவ்வொரு அறையையும் போட்டோ, வீடியோ எடுங்கள். சுவரில் ஓடும் எலக்ட்ரிக் பைப், பாத்ரூம் வாட்டர்ப்ரூஃபிங், தரைக்கு அடியில் போகும் பிளம்பிங் போல பூசி மூடப்போகிறவற்றைக் கிட்டத்தில் எடுங்கள். அப்புறம் அவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு சிவில் இன்ஜினியரை அழைத்து அளவெடுக்கச் சொல்லுங்கள். சார்ட்டர்டு இன்ஜினியராகவோ பதிவுபெற்ற மதிப்பீட்டாளராகவோ இருந்தால் நல்லது. முடிந்த வேலை என்ன, அதன் மதிப்பு என்ன, குறை என்ன, மீதி வேலைக்கு இன்றைய விலையில் எவ்வளவு ஆகும் என்று அவர் கையெழுத்தோடு அறிக்கை தர வேண்டும். இதற்கு ஆகும் கட்டணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். என் பார்வையில் மொத்த விவகாரத்திலேயே மிக உபயோகமான செலவு இதுதான்.

வாட்ஸ்ஆப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்துங்கள், அந்தப் போனையும் விற்றுவிடாதீர்கள். மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாகத் தரும்போது பாரதிய சாக்ஷிய அதினியம் 2023-இன் 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். பழைய சட்டத்தில் இதை 65பி சான்றிதழ் என்பார்கள். வக்கீல் தயாரித்துக் கொடுத்துவிடுவார்.

சைட்டில் அவர் விட்டுப்போன கட்டிங் மெஷின், சென்ட்ரிங் பலகை, ஏணி இருந்தால் பட்டியல் போட்டு ஓரமாக வையுங்கள், வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதுங்கள். கோபத்தில் எடைக்குப் போட்டுவிட்டால் புகார் கொடுக்கும் வாய்ப்பு அவர் கைக்குப் போய்விடும். காண்ட்ராக்டர் கணக்கில் சிமெண்ட் கொடுத்த ஹார்டுவேர் கடைக்காரர் உங்கள் வாசலுக்கு வரலாம். நீங்கள் அவரிடம் ஆர்டர் கொடுக்கவும் இல்லை, பொறுப்பேற்கவும் இல்லை என்றால் அந்தக் கடன் காண்ட்ராக்டருடையது.

மழை விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மொட்டை மாடித் தளத்தைக் கொத்திவிட்டு ஆள் போய்விட்டார், வடகிழக்குப் பருவமழை வரப்போகிறது என்றால் கோர்ட்டுக்காகக் காத்திருந்து வீட்டை நனைய விடாதீர்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு நஷ்ட ஈடு தரச் சொல்கிறது. ஆனால் நஷ்டத்தைக் குறைக்க உங்களுக்கு என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. தார்ப்பாய் போட்டிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய சேதத்துக்கு முழுத் தொகை கிடைக்காது. பதிவு செய்துவிட்டு அவசர வேலையைச் செய்யுங்கள், பில்லை எடுத்து வையுங்கள்.

எவ்வளவு கேட்கலாம்?

"கொடுத்த பணம் முழுக்கத் திரும்ப வேணும்" என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்வது. அவர் ஏதோ கொஞ்சமாவது வேலை செய்திருந்தால் அது முழுதாகக் கிடைப்பது அரிது. சட்டத்தின் கணக்கு வேறு: ஒப்பந்தம் ஒழுங்காக நிறைவேறியிருந்தால் நீங்கள் எந்த நிலையில் இருந்திருப்பீர்களோ, பணத்தால் முடிந்த அளவுக்கு அந்த நிலைக்கு உங்களைக் கொண்டுவர வேண்டும்.

ஒரு உதாரணம். பேசியது 8 லட்சம். கொடுத்தது 5.5 லட்சம். முடிந்த வேலையின் மதிப்பு 2.8 லட்சம் என்கிறார் இன்ஜினியர். மீதியை அதே தரத்தில் முடிக்கப் புதியவர் 6.2 லட்சம் கேட்கிறார். ஆக இந்த வேலைக்கு உங்களுக்கு ஆகப்போகும் மொத்தச் செலவு 11.7 லட்சம். பேசிய 8 லட்சத்தைக் கழித்தால் 3.7 லட்சம் உங்கள் நஷ்டம்.

அதையே வேறு விதமாகவும் பிரிக்கலாம். செய்த வேலைக்கு மேல் அவர் வாங்கியது 2.7 லட்சம். மீதி வேலைக்குப் பழைய கணக்குப்படி 5.2 லட்சம்தான் ஆகியிருக்கும், இப்போது 6.2 ஆவதால் கூடுதல் 1 லட்சம். சேர்த்தால் அதே 3.7. பலர் 2.7 லட்சத்தைத் திரும்பக் கேட்டுவிட்டு, புதியவருக்குக் கொடுக்கும் 6.2 லட்சத்தையும் முழுசாகக் கேட்பார்கள். ஒரே நஷ்டத்தை இரண்டு முறை கேட்டால் நியாயமான தொகையின் மீதும் சந்தேகம் விழும். சாதா டைல்ஸ் பேசிய இடத்தில் இப்போது கிரானைட் போட்டுக்கொண்டால் அந்த வித்தியாசமும் உங்கள் செலவுதான்.

வேலை முடியும் வரை வாடகை வீட்டில் இருக்கிறீர்கள், அது அவருக்கும் தெரியும் என்றால் கூடுதல் மாதங்களின் வாடகையைக் கேட்கலாம். தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் ஆயிரம் ரூபாய் என்பது போல ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி அந்தத் தொகை உச்சவரம்பு. அதற்குள் நியாயமானதைத்தான் கோர்ட் தரும். மன உளைச்சலுக்கான இழப்பீடு நுகர்வோர் ஆணையத்தில் வழக்கமாகப் பேசப்படுவது. சிவில் கோர்ட்டில் ஒப்பந்த வழக்கில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

நோட்டீஸ்

வக்கீல் நோட்டீஸுக்கு முன் நீங்களே ஒரு கடிதம் எழுதலாம். பேசிய தொகை, கொடுத்த தொகை, வேலை நின்ற தேதி ஆகியவற்றைச் சொல்லிவிட்டு முடிவில் இப்படி: "இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் ஒப்பந்தத்தை முடிவுக்குக் கொண்டுவந்து, மீதி வேலையை வேறு ஒருவரை வைத்து முடித்து, கூடுதல் செலவையும் நஷ்டத்தையும் உங்களிடம் வசூலிப்பேன்." ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள், அதையே வாட்ஸ்ஆப்பிலும் மெயிலிலும் போடுங்கள். தபால் "ஆள் இல்லை" என்று திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் வையுங்கள்.

கடிதம் போனதும் சிலர் ஓடி வந்து வேலையைத் தொடங்குவதுண்டு. வந்தால் புது அட்வான்ஸ் தராதீர்கள். முடிந்த வேலைக்கு மட்டும் பணம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "பணத்தைத் திருப்பித் தந்துடறேன்" என்று தேதி போட்ட செக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். அது திரும்பினால் உங்களுக்குப் புதிதாக ஒரு வழக்கு கிடைக்கும். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 1881-இன் 138-வது பிரிவின்படி, வங்கி தகவல் சொன்ன 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். இரண்டு ஆண்டு வரை சிறையோ, செக் தொகையின் இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

எந்தக் கதவைத் தட்டுவது?

சொந்த வீட்டு வேலைக்குப் பெரும்பாலானவர்களுக்கு ஏற்றது நுகர்வோர் ஆணையம்தான். வீடு கட்டித் தருவது சேவை என்று லக்னோ வளர்ச்சி ஆணையம் எதிர் எம்.கே. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. இப்போதைய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இலும் வீடு கட்டும் பணி சேவை என்ற வரையறைக்குள் வருகிறது. பணம் வாங்கிவிட்டு வேலையைப் பாதியில் விடுவது சேவைக் குறைபாடு. லாபத்துக்காக நடத்துகிற கடை, ஆபீஸ் வேலை என்றால் வணிக நோக்கம் என்ற ஆட்சேபம் வரும்.

முன்பு எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ சம்பவம் நடந்த இடத்திலோதான் புகார் கொடுக்க முடியும். 2019 சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். சென்னைக்கு வடக்கு, தெற்கு என்று ஆணையங்கள் உண்டு. பேச்சுவழக்கில் சென்னை என்று சொன்னாலும் தாம்பரத்தில் இருப்பவருக்குச் செங்கல்பட்டு மாவட்டம், ஆவடிக்காரருக்குத் திருவள்ளூர் மாவட்டம். நீங்கள் கொடுத்த பணம் 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். கட்டணமும் கொடுத்த பணத்தை வைத்துத்தான்: 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, அதற்கு மேல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1000. மேலே சொன்ன உதாரணத்தில் 5.5 லட்சம் கொடுத்தவருக்கு 200 ரூபாய்தான். வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் பார்ப்பதில் நஷ்டமில்லை. ஆனால் சின்ன காண்ட்ராக்டர் விஷயத்தில் அதனால் பெரிதாக நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

ஒப்பந்தத்தில் "தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன்" (கோர்ட்டுக்குப் பதிலாக ஒரு நடுவர் தீர்ப்பது) என்று எழுதியிருப்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். அந்த வாசகம் நுகர்வோர் புகாரைத் தடுக்காது என்று எம்மார் எம்.ஜி.எஃப் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. காலக்கெடு இரண்டு ஆண்டு. "பார்க்கலாம், பேசிக்கலாம்" என்ற பேச்சு அந்தக் கெடுவை நீட்டாது. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் அதைவிட நீளும்.

சிவில் கோர்ட்டுக்கு மூன்று ஆண்டு அவகாசம். உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிட்டி சிவில் கோர்ட்டில் வழக்குத் தொகைக்கு ஏற்ப கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும். நுகர்வோர் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை. கணக்கு வழக்கு மிகச் சிக்கலாக இருந்து, இரு தரப்பும் சாட்சிகளை நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய நிலை இருந்தால்தான் இந்த வழியைச் சொல்வேன். தீர்ப்புக்கு முன்பே அவர் சொத்தை விற்றுவிட்டு ஓடப் பார்க்கிறார் என்பதற்கு ஆதாரம் இருந்தால், அதை முன்கூட்டியே ஜப்தி செய்யக் கேட்கலாம் என்பது இங்கே உள்ள ஒரு பலம். செலவுக்கு வழியில்லாதவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு.

போலீஸ் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஏமாற்றுதல் குற்றம் முன்பு 420, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவு. பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் இது நிற்கும். வேலையைத் தொடங்கி, பாதி முடித்து, பிறகு சுழற்சியில் மாட்டிக்கொண்டவர் மீது "இது சிவில் மேட்டர்" என்று இன்ஸ்பெக்டர் சொன்னால் அது தட்டிக்கழிப்பது என்றே நினைக்க வேண்டியதில்லை, பல நேரம் சட்ட நிலையே அதுதான். மாறாக, போலி பில் காட்டினார், இல்லாத கம்பெனி பெயரில் வாங்கினார், ஒரே வாரத்தில் பல வீடுகளில் அட்வான்ஸ் வாங்கிவிட்டு எங்கேயும் கால் வைக்கவில்லை என்றால் தாராளமாகப் புகார் கொடுங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். ஏரியாவில் செல்வாக்கான அண்ணனை வைத்துக் கட்டப்பஞ்சாயத்து பேசலாம் என்ற யோசனையும் வரும். அது உங்களையே குற்றம் சாட்டப்பட்டவராக்கும் வழக்கில் போய் முடியலாம்.

ரெரா என்று சொல்லப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் இங்கே உதவாது. அது வீடு, மனை விற்கிற புரமோட்டர்களுக்கானது. சொந்த வீட்டைப் புதுப்பிக்க நீங்கள் வைத்த ஆள் அதன் வரம்பில் இல்லை.

ஆர்டர் கிடைத்த பிறகு

ஆணையம் உங்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் பணம் தானாக வராது. இங்கேதான் ஆரம்பத்தில் கவனிக்காத ஒரு சின்ன விஷயம் காலை வாரும்: எதிர்த்தரப்பின் பெயர். விசிட்டிங் கார்டில் ஏதோ "எண்டர்பிரைசஸ்" என்று இருக்கும். தனிநபர் நடத்தும் தொழிலுக்கு, உரிமையாளரைத் தவிர வேறு சட்ட உருவம் கிடையாது. புகாரிலேயே உரிமையாளரின் முழுப் பெயரும் வீட்டு முகவரியும் வர வேண்டும். யு.பி.ஐ.யில் பணம் போட்டபோது வந்த வங்கிப் பெயர் ஒரு துப்பு. பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அரசு இணையதளத்தில் அதைப் போட்டு யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம்.

உத்தரவை மதிக்காவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 71-வது பிரிவின்படி சிவில் தீர்ப்பைப் போலவே நிறைவேற்ற மனுப் போடலாம், வங்கிக் கணக்கை ஜப்தி செய்யலாம். 72-வது பிரிவின்படி ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அநேகமாக இந்த மனு போன பிறகுதான் எதிர்த்தரப்பு பேச்சுவார்த்தைக்கு வரும். அவர் மேல்முறையீடு செய்ய விரும்பினால் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும், அதற்கு முன் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். அவர் கட்டினாரா என்று உங்கள் வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மேல்முறையீடு தள்ளுபடியானால் அந்தத் தொகையை எடுத்துக்கொள்ள நீங்கள் மனுச் செய்யலாம்.